நடக்கவே நடக்காதுன்னு நான் எழுதின வரி

இன்னிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து ஸ்ரீரங்கம் போற பஸ்ல உக்காந்து, எங்க ஆபீஸ்ல நாங்க உருவாக்கற பஸ் ஓட்டற கேமை ஃபோன்ல டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பாத்து, "குடுங்க தம்பி, நான் ஓட்டறேன்"னாங்க.

ரெண்டே நிமிஷம். கேம் நின்னு, திரையில சிவப்பா வந்துச்சு: "பஸ் ஆத்துக்குள்ள இருக்கு. இது நடக்கவே நடக்காது. நடந்தா செந்திலைக் கூப்பிடு."

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலீங்க. யாருங்க செந்தில்?"

"நான்தாங்க."

நடக்கக் கூடாதது நடந்தா கேமை நிறுத்தறதுக்கு நானே கோடுல எழுதின வரி அது; அசெர்ட்னு சொல்லுவோம். ஆறு மாசமா ஒரு தடவைகூட வந்ததில்ல. என்ன தப்பு நடந்துச்சுன்னு பதிவாகற எரர் லாகை ஆசையா திறந்தேன். பாலம் முழுக்க பஸ் ரிவர்ஸ்லயே போயிருக்கு! பின்பக்கமா இடிச்சாலும் பாலத்துச் சுவர் தாங்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல.

"ஏங்க ரிவர்ஸ் எடுத்தீங்க?"

"ஸ்டாப்புல ஒரு அம்மா கையைக் காட்டினாங்களே. விட்டுட்டு வந்துட்டேன்."

அந்த அம்மாவை அழகுக்குத்தான் வெச்சோம். பஸ்ல ஏற அவங்களுக்கு நாங்க எதுவுமே எழுதல.

சுவரை மதியமே சரி பண்ணிட்டேன். அந்த அம்மா இன்னும் கையைக் காட்டிட்டு நிக்கறாங்க. லாக்ல ஒரு எரர்கூட இல்ல.

இதுக்கு என்ன அசெர்ட் போடறது, சொல்லுங்க.