மூத்தவளுக்கு ஒரு கட்டம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நவம்பர் மாசம் கல்லறைத் திருநாள் அன்னிக்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல ஒரு கடலோர ஊர்ல நடந்தது இது. யார் பேரையும் இங்கே எழுதப் போறதில்லை. முக்கியமா என் பேரை.

நான் கூடுவாஞ்சேரியில ஒரு சின்னக் கம்பெனியில வேலை பார்க்கிறேன். வெள்ளைக்காரங்களுக்கு அவங்க வம்சத்தைத் தேடிக் கொடுக்கிற வேலை. பழைய சர்ச் பதிவு, உயில், நிலப் பத்திரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல படிச்சு, ஆளுக்கு ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுக்கணும். "ஊரான் தாத்தாவைத் தேடறதுக்கு உனக்குச் சம்பளமா?"ன்னு எங்க நைனா கிண்டல் பண்ணுவார். அவர் கட்டட மேஸ்திரி. ஊரப்பாக்கத்துல நாங்க இருக்கிற தெருவுல பாதி வூடு அவர் கட்டினதுதான்.

அந்த வருஷம் என் கைக்கு வந்தது அமெரிக்காவுல ஒரு வயசான அம்மாவோட குடும்பம். ஸ்காட்லாந்துலேர்ந்து அயர்லாந்துக்குப் போய், அங்கேயும் பொழைக்க முடியாம கப்பல் ஏறின ஜனங்க. அமெரிக்கா இன்னும் இங்கிலீஷ்காரன் கையில இருந்த காலம். பென்சில்வேனியா காட்டுல இறங்கி, மரத்தை வெட்டி, அந்த மரத்துலயே வூடு கட்டிப் பொழைச்சிருக்காங்க. சொந்தமா ஒரு துண்டு நிலத்துக்கு அவங்க பட்ட பாட்டைப் படிச்சப்போ, எங்க ஆளுங்க கதை மாதிரியே இருக்கேன்னு ஆசை ஆசையா செஞ்சேன்.

ஒரு இடத்துல மட்டும் மாட்டிக்கிட்டேன். அந்த வூட்டுப் பொண்ணு ஜேன் குழந்தையிலேயே செத்துப் புதைச்சதா ஒரு பதிவு. அதே அப்பா அம்மாவோட பொண்ணு ஜேனுக்குக் கல்யாணம் ஆனதா இன்னொரு பதிவு. செத்தவ எப்படிக் கல்யாணம் பண்ணிப்பா? எழுதினவன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்னு முடிவு கட்டி, புதைச்ச பதிவைத் தூக்கிக் கடாசிட்டு, ஒரே கட்டமா போட்டு அனுப்பிட்டேன். பெரிய மேதாவி நான்.

மறுநாளே அந்தம்மாகிட்டேர்ந்து பதில். திட்டவே இல்லை. அவங்க ரெண்டு பேரும்மா, ஒருத்தி இல்லைன்னு பொறுமையா எழுதியிருந்தாங்க. மூத்த பொண்ணுக்கு அம்மாவைப் பெத்தவங்க பேரை வைக்கிறது அவங்க வழக்கமாம். அந்தக் குழந்தை செத்துட்டா, பாட்டி பேரு விட்டுப் போகக் கூடாதுன்னு அடுத்துப் பொறக்கிற பொண்ணுக்கு அதையே வைப்பாங்களாம். கடைசியில ஒரு வரி: "மூத்தவளுக்கும் தயவுசெய்து ஒரு கட்டம் கொடுங்கள். அவள் ரொம்ப காலமாக வெளியே நிற்கிறாள்."

படிச்சதும் ஏசி ரூம்ல எனக்கு வேர்த்துப் போச்சு. என் பேரும் எங்க ஆயா பேருதான், அம்மாவைப் பெத்தவங்க பேரு. எங்க வூட்டுக்கு நான் ஒரே பொண்ணு. அப்படித்தான் அதுவரைக்கும் நெனைச்சுகினு இருந்தேன்.

சின்ன வயசுல அந்தக் கடலோர ஊர்லதான் இருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துல அம்மா வாசல்ல நின்னு, சவுக்குத் தோப்பைப் பார்த்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடும். நான் அதோட முந்தானையைப் புடிச்சுகினு பக்கத்துலயே நிப்பேன். "இங்கதானேம்மா கீறேன்"னு சொன்னா, யாரோ புதுப் புள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துட்டு உள்ளே போயிடும்.

அது மட்டுமா? அந்த ஊர்ல ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் 'பாப்பா'தான். பின்னாலேர்ந்து யாராவது என் பேரைச் சொன்னா முதல் தடவை திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு அம்மா கண்டிஷனா சொல்லி வெச்சிருந்தது. கல்லறைத் திருநாள்னா எங்க ஆளுங்க கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ வெச்சு, மெழுகுவர்த்தி ஏத்துவோம். அம்மா ஆயா கல்லறைக்குப் போகும், என்னை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்திடும். புள்ளைங்க வரக் கூடாதாம். உள்ளே என் வயசுப் புள்ளைங்க அத்தனையும் உருகின மெழுகை உருட்டி விளையாடிகினு இருக்கும். எனக்கு அழுகையா வரும்.

அப்புறம் வளையல். கோயில் திருவிழாவுல அம்மா ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கும். பாதியை என் கையில போட்டுட்டு, உடைஞ்சா மாத்திக்கலாம்னு மீதியை எடுத்து வைக்கும். எத்தனையோ தடவை உடைஞ்சிருக்கு. மாத்தினதே இல்லை.

இதையெல்லாம் அதுவரைக்கும் நான் ஒண்ணா சேர்த்துப் பார்த்ததே கிடையாது.

ஊரப்பாக்கத்துக்கு வந்தப்புறமும் அம்மா வருஷா வருஷம் தனியா அங்கே போயிகினுதான் இருந்தது. அந்த வருஷம் யார்கிட்டயும் சொல்லாம ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு, அம்மாவுக்கு முன்னாடியே நான் போயிட்டேன். வழி முழுக்க மழை. அந்த மழையில கல்லறைத் தோட்டத்துல ஆள் நடமாட்டமே இல்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட கடல் இரையற சத்தம் மட்டும்தான். கேட்டைத் தாண்டி உள்ளே காலை வைக்கவே எனக்குக் கூச்சமா இருந்தது.

ஆயா கல்லறையைக் கண்டுபிடிச்சேன். அதுல என் பேரு. அது தெரிஞ்சதுதான். அதுக்குப் பக்கத்துல, எருக்கஞ்செடி மறைப்புல, ரெண்டு முழ நீளத்துக்கு இன்னொண்ணு. புதுசா வெள்ளையடிச்சு இருந்தது. சிமென்ட்டு ஈரமா இருந்தப்போவே ஆணியால கீறின எழுத்து. நைனா எழுத்து எனக்குத் தெரியாதா? என் பேரு. கீழே, வயசு ரெண்டு.

சின்னச் சிலுவையோட ரெண்டு கையிலயும் வளையல் மாட்டியிருந்தது. மெரூன் கலர், தங்கப் புள்ளி. என் கையைப் பார்த்தேன். அதே வளையல், அதே அளவு. மழையில மண்ணு கரைஞ்சு சுத்தியும் கண்ணாடித் துண்டா மின்னுச்சு. குனிஞ்சு கிளறினேன். காலேஜ் படிச்சப்போ போட்ட நீலம், பத்தாவது படிச்சப்போ போட்ட பச்சை, இன்னும் கீழே போகப் போக சின்னச் சின்னதா. அந்த ரெண்டு முழக் குழிக்குள்ள அவளும் என்கூடவே வளர்ந்துகினு வந்திருக்கா.

அப்போதான் பின்னால என் பேரைச் சொல்லி ஒரு குரல். சத்தமா இல்லை, தூங்கற குழந்தையை எழுப்பற மாதிரி. பழக்கம், நான் திரும்பலை. ரெண்டாவது தடவை இன்னும் கிட்டத்துல கேட்டுது. திரும்பினேன்.

அம்மா. கையில பூவும் மெழுகுவர்த்தியும். அந்தக் கல்லறைகிட்ட நான் நிக்கிறதைப் பார்த்து அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் மெல்ல மெல்ல அது முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா?"ன்னு கேட்டது.

அப்படி ஒரு சிரிப்பை அது என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிச்சதில்லை. அப்போ எனக்கு வந்தது பயமா பொறாமையான்னு இன்னைக்கும் தெரியலை. ஆமான்னு சொல்லிடலாமான்னுகூட தோணிச்சு. சொன்னா அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆனா சொல்லிட்டா நான் யாரு? எங்கம்மாவுக்கு நான் யாரு?

"நான் சின்னவம்மா"ன்னேன்.

அம்மா ஈர மண்ணுல அப்படியே உக்கார்ந்துடுச்சு. ரொம்ப நேரம் அழுதப்புறம்தான் பேசினது. அவளுக்கு மூளைக்காய்ச்சலாம். நான் பொறந்ததும், ஆயா பேரு விட்டுப் போகக் கூடாது, போனவளே திரும்பி வந்திருக்கான்னு நெனைச்சுக்கோ, இனிமே யாரும் இதைப் பேசக் கூடாதுன்னு நைனா சொல்லிட்டாராம். ஊரும் அவர் பேச்சைக் காப்பாத்தியிருக்கு. ஒரே பேர்ல ரெண்டு பேர் கிட்டக்க இருந்தா என்னையும் அவ கூப்பிட்டுக்குவாளோன்னு பயந்துதான் கேட்டுக்கு வெளியே நிறுத்தினதாம்.

"உன்னைக் கூப்பிட வாயெடுத்தா அவ திரும்பறா. அவளைக் கூப்பிட்டா நீ ஓடியாறே. நான் இன்னாடி பண்ணுவேன்?"

நான் அம்மாவைக் கட்டிப் புடிச்சுகினு உக்கார்ந்திருந்தேன். மழை விட்டதும் ரெண்டு பேரும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏத்தினோம்.

மறுநாள் ஆபீஸ்ல முதல் வேலையா மூத்த ஜேனுக்குக் கட்டம் போட்டு அனுப்பினேன். அன்னிக்குச் சாயந்திரம் வூட்ல ஒரு பேப்பர்ல எங்க குடும்பத்தையும் வரைஞ்சேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கீழே ரெண்டு கட்டம், ரெண்டுலயும் ஒரே பேரு. நைனா அதைக் கையில எடுத்துப் பார்த்தார். மூத்தவ கட்டம் கோணலா இருக்குன்னு, மட்டப்பலகையை வெச்சு நேரா போட்டுக் கொடுத்துட்டு வெளியே போயிட்டார்.

இப்பவும் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா முதல் தடவை நான் திரும்பறதில்லை. காது கேக்காதான்னு ஆபீஸ்ல திட்டுவாங்க, திட்டிட்டுப் போகட்டும். முன்னெல்லாம் அது பயத்துல. இப்போ, முதல் குரல் அவளுக்குச் சேர வேண்டியதுங்கிறதால.