லோசலீன் அழித்த போஸ்டர்

எங்கள் தீவின் நேயாஃபு துறைமுகத்துக்கு மேலே இருக்கிற எங்கள் பள்ளிக்கு, டேப்லெட்டில் போஸ்டர் செய்யும் வித்தையைக் கொண்டுவந்தவள் லோசலீன். ஏழாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு அவள்தான் டீச்சர். 'பி' பிரிவு டீச்சர் அகனேசிக்கு அப்போது ஒரு படத்தின் பின்னணியை வெட்டக்கூடத் தெரியாது. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவளும் லோசலீன்தான். நான் கணக்கு டீச்சர். பக்கத்து மேசையில் இருந்து எல்லாம் பார்த்தவள்.

ஜூலையில் திமிங்கிலங்கள் குட்டி போட வந்தன. படகுகள் மெதுவாகப் போகச் சொல்லி ஒரு போஸ்டர் வேண்டும் என்று துறைமுக அலுவலகத்தில் கேட்டார்கள். லோசலீன் வகுப்புப் பிள்ளைகள் செய்தவை எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தன. மேலே தலைப்பு, நடுவில் திமிங்கிலம், கீழே நீலம். தேர்வானதோ அகனேசி வகுப்பு மாணவி ஹெய்லாலா செய்தது. வீட்டில் எடுத்த ஒரு போட்டோ: பாயில் படுத்திருக்கும் அம்மா, அவள் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு தூங்கும் கைக்குழந்தை. அந்தப் போட்டோவை வெட்டி, கடல் நிறம் ஏற்றி, தண்ணீருக்குள் மிதக்க விட்டிருந்தாள். 'ரெண்டு பேரும் தூங்குறாங்க. எஞ்சினை அணைங்க' என்று கோணலாக எழுதியிருந்தது.

"உங்க கிளாஸ் பொண்ணு கலக்கிட்டாளே!" என்று பிரின்சிபால் அகனேசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லோசலீன், பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். எழுத்து கோணலா இருக்கு."

அவர் போனதும் லோசலீன் என் பக்கம் திரும்பினாள். "வெட்டி ஒட்டவே நான் சொல்லிக் கொடுத்ததுடி. இன்னைக்கு அவ மகாராணி."

அன்று மாலையே அந்தப் போஸ்டரை அழித்துவிட்டாள். இரண்டு வகுப்பின் வேலையும் டேப்லெட்டில் ஒரே பொது ஃபோல்டரில்தான் இருந்தது. அதன் பொறுப்பு அவளிடம். "கை தானாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். நான்தான் செஞ்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் மதியத்துக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். காலையில் ஹெய்லாலா 'ஏ' பிரிவு வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், என் படத்தைக் காணோம். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், உங்களையே கேக்கச் சொன்னாங்க அகனேசி மிஸ்."

"மறுபடி செய்யேன்."

"முடியாது மிஸ். அம்மாவும் தம்பியும் நியூசிலாந்து போயிட்டாங்க. போட்டோ எடுத்த ஃபோனும் அவங்களோட போயிடுச்சு. எங்கிட்ட அவங்க படம் வேற இல்ல."

லோசலீன் டேப்லெட்டின் குப்பைக் கூடையைத் திறந்து படத்தை மீட்டாள். பத்து நொடிகூட ஆகவில்லை. அந்தப் பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "தேங்க்யூ மிஸ், தேங்க்யூ மிஸ்" என்றாள். லோசலீனுக்கு அவள் தலையைத் தொடக்கூடக் கை வரவில்லை.

நேராக ஆசிரியர் அறைக்கு வந்தாள். நானும் இருந்தேன். "அகனேசி, அதை அழிச்சது நான்தான்."

"தெரியும்க்கா. யாரு அழிச்சாங்கன்னு பேரோட காட்டுதே. அதைப் பாக்கவும் நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"பின்னே ஏன் பிரின்சிபால்கிட்ட போகல?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து உங்களால படம் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். அப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா நேரா அவர்கிட்டதான் போயிருப்பேன்."

"எனக்கு உன்மேல பொறாமைடி."

அகனேசி சிரிக்கவில்லை. "தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனாள்.

படகுத்துறையில் போஸ்டரைக் கட்டினார்கள். ஒரு மாதம் லோசலீன் அந்தப் பக்கமே போகவில்லை. தேவாலயத் தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள். பிறகு ஒரு நாள் அவளே அகனேசியிடம் போய், "அந்தப் பொண்ணுக்கு அப்படி எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள்.

"முதல் ரெண்டு நாள் டேப்லெட்டையே தொட விடலக்கா. கடலைப் பாத்துட்டு வந்து, வீட்டுல எது ஞாபகம் வருதுன்னு பேசுங்கன்னேன்."

இப்போது லோசலீனும் அப்படித்தான் செய்கிறாள். அவள் பிள்ளைகளின் போஸ்டர்களிலும் இப்போது ஆள் நடமாட்டம் தெரிகிறது. போன வாரம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். "நல்லா இருக்கு" என்றேன்.

"'பி' பிரிவோடத விடவா?" என்றாள்.