கை நனைத்த வீடு

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஏழு மணி. திருச்சி பொன்மலையிலிருந்து மெட்ராஸ் வந்து, வண்டி மாறி, நானும் என் வீட்டுக்காரரும் தூக்கம் கெட்டு வந்திருந்தோம். ஊர் சுற்ற வரவில்லை. எங்கள் மகள் கோமதியைப் பெண் பார்த்துப் போயிருந்தார்கள். பையன் சேகருக்குப் பேகம்பேட்டில் வேலை. இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. நாங்கள் வீடு பார்ப்பதுதான் பாக்கி. எண்பத்தாறாம் வருஷம், ஜூன் மாதம்.

சைனிக்புரி பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் பேசினோம். ஓட்டியவர் மல்காஜ்கிரித் தமிழர். விலாசத்தைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"மிலிட்டரி சபாபதி சார் வீடா? அந்த மண் வீடு?"

"மண் வீடா?" என்றேன்.

"ஹவ்ம்மா, ஆமா. போய்ப் பாருங்க, தெரியும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டைப் பார்த்ததும் பகீரென்றது. பூச்சில்லை, வெள்ளையில்லை, சுவர் முழுக்கச் செம்மண் நிறம். கட்டி முடிக்கக் காசில்லையோ என்று என் வீட்டுக்காரர் காதைக் கடித்தேன். சேகரின் அப்பா சபாபதி பட்டாளத்தில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் வேலூர் பக்கம். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"சுடாத கல்லுங்க. இதே மனையில தோண்டின மண்ணு, துளி சிமெண்ட் கலந்து அச்சுல அழுத்தினது. மேல பாருங்க, ஃபேன் கிடையாது."

நிமிர்ந்து பார்த்தேன், இல்லைதான். ஆனாலும் ஜூன் மாதத்தில் கூடம் ஜில்லென்றிருந்தது.

எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாமல் பையன் வீட்டில் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் முதலில் அடுப்படிக்குப் போனேன். ஒரு வீட்டின் லட்சணம் அங்கேதானே தெரியும்? சேகரின் அம்மா சரோஜா கேஸ் அடுப்பில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நீலமாக எரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பாத்திரத்தின் அடியிலும் கரியில்லை.

"எங்களுக்கு எழுதி வச்சு அஞ்சு வருஷமாச்சு, கனெக்ஷன் வரலை. உங்களுக்கு எப்படி?" என்றேன்.

"சிலிண்டரே நக்கோ, வேண்டாம்னு விட்டுட்டோம்க்கா. இது சொந்த கேஸ்."

சாண எரிவாயு என்று எடுத்துக்கொண்டேன். கோமதி இங்கே புகையில்லாமல் சமைப்பாள் என்று மனசு குளிர்ந்துவிட்டது. இவருக்குக் கண்ணைக் காட்டினேன். இருவரும் உட்கார்ந்து பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

அதன் பிறகுதான் இவர் கொல்லைப்புறம் போனார். ஒர்க்‌ஷாப்காரர், எதையும் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

"ஏன் சார், மாட்டைக் காணோமே?"

"மாடு கைக்கு? எதுக்குங்க மாடு? மாடெல்லாம் இல்லீங்க. நாங்கதான்" என்றார் சபாபதி.

கக்கூஸிலிருந்து ஒரு குழாய் தரையில் புதைத்த தொட்டிக்குப் போயிற்று. தொட்டியிலிருந்து இன்னொரு குழாய் அடுப்படிக்கு.

"நாங்க மட்டும் பத்தாதுன்னு பக்கத்து மூணு வீட்டுக் குழாயும் சேர்த்துக்கிட்டேன்" என்றார் பெருமையாக.

நாலு வீட்டுக் கக்கூஸ்! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாசனை இல்லை, அழுக்கு இல்லை, கொல்லை கோயில் பிரகாரமாட்டம் சுத்தமாக இருந்தது. இருந்து என்ன? அந்தத் தீயில் வெந்ததை அல்லவா தின்றுவிட்டேன்! எப்படி விடைபெற்றேன் என்பதே நினைவில்லை.

திரும்பும் ரயிலில் இவர், "கை நனைச்சாச்சே?" என்றார்.

"தலை முழுகினாப் போச்சு. ஊருக்குப் போனதும் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

பொன்மலை வீட்டில் நுழைந்தபோது மண்ணெண்ணெய் நெடி மூக்கில் அடித்தது. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். கோமதி குழாயடியில் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். "சீ" என்பாள் என்று காத்திருந்தேன்.

"அங்க மண்ணெண்ணெய் கியூ கிடையாதா?"

"கிடையாது."

"பானை கரி பிடிக்கலையா?"

"பிடிக்கலை. ஆனா அது எதுலேர்ந்து வருதுன்னு..."

அவள் இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகக்கண் வரைக்கும் கரி.

"கை நனைச்சுட்டுத்தானேம்மா வந்தீங்க? போய் நாள் பாருங்க."