ஏலம் கூறுகிறவன் அனுப்பிய வீடியோ

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் எந்தத் தப்புக்கும் ஆள் கிடையாது. கப்பல் போய், கன்டெய்னர் மட்டும் யார்டில் நின்றால், "சிஸ்டம் எடுக்கல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அதனால்தான் என் அண்ணன் செய்த காரியம் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குவியலைக் காட்டி, "நேத்து மீனு இல்ல, இன்னைக்குப் பட்டது" என்று அவன் சொல்லிவிட்டால் யாரும் செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். அது பொய்யாகப் போனால் படகுக்காரரைக் கேட்கமாட்டார்கள், கூறியவனைத்தான் பிடிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் அவன் செல்லுக்கு ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவன் மீன் அழுகாமலிருக்க அதன்மேல் பார்மலின் மருந்து தெளிக்கிறான். எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா விற்பது இதைத்தான் என்று கீழே எழுதியிருந்தது. அண்ணன் பதறிப்போய், முன்னே பின்னே யோசிக்காமல், தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மற்றவர்களும் ஆளாளுக்கு அதை அனுப்பினார்கள். மறுநாள் அக்கா கூவிக்கொண்டே வந்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்தக் கூடையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அது எந்த நாட்டிலோ எடுத்த வீடியோ என்று பிறகு தெரிந்தது. உடனே குரூப்பில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். "எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்" என்றார் ஒருவர். "அட்மின்தான் பாத்திருக்கணும்" என்றார் இன்னொருவர். அட்மின் வீடியோவை அழித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவன் அல்லவா, "விடுண்ணே, நீயா அத எழுதுன?" என்றேன்.

"ஏலத்துல நான் சொன்னா என் சட்டையப் பிடிப்பாங்க. செல்லுல சொன்னா மட்டும் வேற எவன் சட்டையவோ பிடிக்கணுமா, தங்கச்சி?" என்று எழுந்து போனான்.

நானும் பின்னாலேயே போனேன். தெருமுனையில் அக்கா வந்ததும், "அந்த வீடியோவ குரூப்புல போட்டது நாந்தான்க்கா" என்றான்.

அவள் கூடையை இறக்கினாள். "ஏலே, கண்டவனும்தான் அனுப்புனான். அத எவன் நம்புனான்? ஏலங்கூறுத நீ அனுப்புனதாலதான் நம்புனாங்க."

'ஆனா' என்று ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "ஆமாக்கா" என்றான். அவ்வளவுதான். இவனோடு பிறந்தோமே என்று அந்த நேரத்தில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

கூடையை அவனே தூக்கிக்கொண்டான். "வாங்கக்கா, வீடு வீடாச் சொல்லுவோம்." முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினான். அக்காவின் குரலுக்குத் திறக்காத அம்மா, மகன் குரல் கேட்டுத் திறந்தாள்.

"யம்மா, அன்னைக்கு நான் அனுப்புனது பொய்யி" என்றான்.

அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், மீன் வாங்கச் சட்டி எடுக்க உள்ளே போனாள்.