ஒரு காலாளுக்கு இருபது நிமிடம்

கடல் வந்துபோன மறுவருடமும் நாங்கள் தகரக் கொட்டிலில்தான் இருந்தோம். பள்ளிக்கூடம் வெகுதூரம். நடந்து நடந்து என் செருப்பும் தேய்ந்தது, உம்மாவின் பொறுமையும் தேய்ந்தது. அப்போதுதான் நிவாரணக்காரர்கள் செஸ் போட்டி வைத்தார்கள். ஏன் செஸ் என்று யாரும் கேட்கவில்லை; எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தோம். முதல் பரிசு சைக்கிள்.

கடையில் ஆள் வராத நேரங்களில் விளையாடிப் பழகிய என் வாப்பா, எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே ஒரு தமிழ் மீன் வியாபாரி. அவருடைய சைக்கிளைக் கடல் கொண்டுபோனதால் மீன்பெட்டியைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்.

மேசையில் இரட்டை முக மணிக்கூடு. காய் வைத்தவர் பொத்தானை அமுக்கினால் மற்றவரின் நேரம் ஓடும். நேரம் முடிந்தால் தோல்வி. வாப்பாவுக்கு அமுக்க ஞாபகமே வராது.

"அமுக்குங்க மச்சான்! மாப்பிள்ளை பாக்க வந்தமாதிரி இரிக்கிங்க," என்று மாமா பின்னாலிருந்து கத்துவார். அப்படியும் வாப்பாவுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம்.

அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. வாப்பா குதிரையை வைத்து, அதிசயமாக மறக்காமல் அமுக்கிவிட்டு எழுந்தார்.

"இப்ப போனா சைக்கிள் போயிரும் மச்சான்!"

"போனா போகட்டும்." கடலுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அவர் சொன்னது அதுதான்.

மீன்காரர் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நேரம் ஓடியது.

"அவருக்கு எதை வைக்கிறதெண்டு விளங்கல்ல," என்று மாமாவின் காதில் சொன்னேன். மாமா மணிக்கூட்டையே பார்த்தார்.

"வையுங்களன் தம்பி," என்றார் நடுவராக இருந்த வாத்தியார்.

"யோசிக்கிறன் சேர்."

வாப்பா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், மீன்காரர் ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் தள்ளினார். இருபது நிமிட யோசனைக்கு ஒரு காலாள்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாப்பா இரண்டு மணிக்கூடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். ஐந்தாறு நகர்த்தலில் மீன்காரரின் நேரம் முடிந்தது.

"என்ன வேலை தம்பி பாத்தீங்க?" என்றார் வாப்பா.

"நீங்க தொழப் போன நேரத்தில உங்கட மணிக்கூட்ட ஓட விட மனம் வரல்ல காக்கா," என்று எங்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மீன்காரர்.

தோற்றவர் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்தேன். வாப்பா சைக்கிளை அவர் பக்கம் திருப்பினார்.

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரமாமே," என்று சொல்லிவிட்டு மீன்காரர் போய்விட்டார்.

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வழிநெடுக அவரைப் பழித்துக்கொண்டு வந்தேன்.

"வாயப் பொத்து மகள்," என்றார் வாப்பா.

வென்றவருக்கு என்ன கோபம், ஏறி மிதிக்காமல் ஏன் வீடுவரை உருட்டிக்கொண்டே நடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.