செம்மண் பூசிய மொச்சை

யுத்த காலம் அது. கணவருக்குக் கொல்லிமலையில் காட்டிலாகா வேலை. மழைக்காலச் சமையலைத் தனியாகப் போட்டிருந்த பாகசாஸ்திரப் புத்தகத்தைச் சேலத்திலிருந்து பொக்கிஷமாகக் கொண்டுபோயிருந்தேன்.

ஆடிச் சாரலில் ஒருநாள் அதைப் பார்த்து மொச்சைக் குழம்பு வைத்தேன். புளியைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்த மொச்சையைப் போட்டேன். விறகு தீர்ந்ததே தவிர, மொச்சை வேகவில்லை. அதை விற்ற வெள்ளையம்மாள் பக்கத்துப் புன்செய்க் காட்டுக்காரி. ஆத்திரத்தோடு அவள் வாசலுக்குப் போனேன்.

"பழைய மொச்சைய எந்தலையில கட்டிப்புட்டியே!"

அவள் உள்ளே போய் வேறு மொச்சை கொண்டுவந்தாள். "இது வேகுமுங்க. கோவிச்சுக்காதீங்க."

அதில் செம்மண் அப்பியிருந்தது. சுத்தம் பண்ணிக்கூடக் கொடுக்கத் தெரியவில்லையே என்று முணுமுணுத்தபடி கழுவி ஊறவைத்து, அதேபோல் புளித்தண்ணீரில் போட்டேன். அதுவும் கல்லாகவே கிடந்தது.

எரிச்சலில் புத்தகத்தைப் புரட்டியபோது, ஈரத்தில் ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் பிரிந்தன. நடுவே மறைந்திருந்த வரி: மொச்சை குழைய வெந்த பிறகே புளி ஊற்றவும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் உழுத காட்டில் விதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வெந்துச்சுங்களா?"

"அதுல ஏன் செம்மண்ணு?"

"வண்டு விழாம மண்ணு கட்டி வெச்சிருந்தனுங்க, வெதைக்கு. எங்கிட்ட இருந்ததுல நல்லது அதுதானுங்க."

"நல்லா வெந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்த வருஷம் அவள் காட்டில் ஒரு மூலை விதைக்காமலே கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் தண்ணீருக்குப் போனேன். ஒருநாளாவது நின்று, நடந்ததைச் சொல்லியிருக்கலாம்.