மூன்றாவது தையல்

16 மே 2024, வியாழக்கிழமை. 5.15க்கு எழுந்தேன். 5.40க்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் ஒன்று. 6.20 முதல் அரை மணி நேரம் பயிற்சி அறையில், பெட்டிக்குள் வைத்த கோழித்தொடையில் தையல். திரையைப் பார்த்துக்கொண்டே நீண்ட கருவிகளால் முடிச்சுப் போட வேண்டும். அன்று எட்டு முடிச்சு போட்டேன். ஒன்றுகூட நழுவவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கெடாவில் பதினாறு வருடம் பிரசவம் பார்த்த பிறகு, சிறு துளை வழியாகக் கர்ப்பப்பை அறுவை செய்யக் கற்றுக்கொள்ள இந்த மருத்துவமனைக்கு வந்து எட்டாவது மாதம். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் என்னைவிட எட்டு வயது இளையவர். அறுவை அறைக்கு வெளியே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. "ரெண்டு தையல் போட்டும் ரத்தம் நிக்கலன்னா என்னைக் கூப்பிடுங்க. மூணாவது தையல் என்னோடது."

அன்றைய முதல் நோயாளி பாகான் டாலாமைச் சேர்ந்த பெண். முப்பத்து மூன்று வயது, புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கர்ப்பப்பைச் சுவரில் இருந்த கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவதற்காகத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

"நாலு ஓட்டை தானே டாக்டர்? பார்த்துப் போடுங்க லா. இவரு மோட்டார் டயருக்கு ஒட்டுப் போடற மாதிரி ஆயிடப் போவுது."

"என் டயரு நல்லாத்தான் ஓடுது," என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

"புள்ள பெத்துக்கலாம் தானே, டாக்டர்?" என்று மனைவி கேட்டார், சிரிப்பை நிறுத்தாமலே.

"அதுக்குத்தானே இது," என்றேன்.

கட்டி சுலபமாக வந்துவிட்டது. பயிற்றுநர் பக்கத்து அறுவை அறைக்குப் போனார். தையலுக்கு என்னைத் தனியாக விட்டது அதுவே முதல் தடவை. கட்டி இருந்த குழியிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டு தையல் போட்டேன். நிற்கவில்லை. தாதி என் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டரைக் கூப்பிடவா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஐந்து தையல் போட்ட பிறகுதான் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து திரையைப் பார்த்ததும் வயிற்றைத் திறந்தோம். ரத்தம் உறைய மறுத்தது. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு மணிக்கு அறுவைக் குறிப்பில் எழுதினேன்: 'இரத்தப்போக்கு நிற்காததால் உடனே மூத்த மருத்துவர் அழைக்கப்பட்டார்.' பயிற்றுநரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உடனே கூப்பிட்டதாலதான் அவ உசுரோட இருக்கான்னு பெரிய டாக்டர் சொன்னாரு. எனக்கு அவ போதும் டாக்டர். அவகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றுவரை எந்த நாட்குறிப்பிலும் எழுதியதில்லை.

ஒவ்வோர் அறுவையும் காணொளியாகப் பதிவாகும். மாலையில் அதை நாமே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். 5.30க்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது தையல் முடிந்தபோது திரையின் மூலையில் 10.42. கூப்பிடச் சொல்லிவிட்டுக் கருவிகளை நான் கீழே விட்டபோது 10.53. பதிவில் ஒலி கிடையாது. ஆனாலும் தாதி எந்த இடத்தில் கேட்டார், நான் எந்த இடத்தில் பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரோ கழற்றி வைத்த கேமரா, பச்சைத் துணியை மட்டும் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. முழுவதும் பார்த்தேன்.

பயிற்றுநருக்குத் தொலைபேசியில் சொன்னேன். 

"குறிப்பை மாத்தினா விசாரணை வரும், அக்கா."

"தெரியும்."

"நானும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருக்கணும் லா." பிறகு சொன்னார்: "ஒரே ஒரு கோடு மட்டும் போடுங்க. அடிச்சது என்னன்னு படிக்க முடியணும். காலையில அவங்ககிட்ட சொல்ல நானும் கூட வரேன்."

"வேணாம். நான்தான் சொல்லணும்."

'உடனே' என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே 'பதினொரு நிமிடம் கழித்து' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் பயிற்சி அறைக்குப் போகவில்லை. 6.20க்கு அந்தப் பெண்ணின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கர்ப்பப்பை எடுக்கப்பட்டதை இரவே கணவர் சொல்லியிருந்தார். பதினொரு நிமிடத்தைப் பற்றி நான் சொன்னேன்.

"அப்பவே கூப்பிட்டிருந்தா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

அவர் கட்டிலைச் சுற்றியிருந்த துணித்திரையைக் காட்டினார்.

"திரையை இழுத்து விட்டுட்டுப் போங்க டாக்டர்."

இழுத்து விட்டேன்.